வார்பர்க் அளக்காத வெப்பம்

காந்தக் குளிரூட்டல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும். "காந்தவெப்ப விளைவை 1881-இல் எமில் வார்பர்க் இரும்பில் கண்டுபிடித்தார்" என்பதுதான் அது. பெரும்பாலும் முன்னுரையின் முதல் பத்தியிலேயே வந்துவிடும். அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு மேற்கோள் எண். பின்னிணைப்பில் அந்த எண்ணைத் தேடினால் அன்னாலன் டெர் ஃபிசிக் என்ற ஜெர்மானிய இதழ், 13-ஆம் தொகுதி, 141-ஆம் பக்கம் என்றிருக்கும். கடோலினியம், டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம் போன்ற அருமண் தனிமங்களின் சேர்மங்களைக் கொண்டு தனிச்சுழிக்கு அருகே போகும் துறைக்கு இந்த வரி கிட்டத்தட்ட காப்புச் செய்யுள் மாதிரி.

எனக்கு அந்த வரியின்மேல் சந்தேகம் வந்ததற்கு இரும்புதான் காரணம். காந்தவெப்ப விளைவு என்றால், ஒரு பொருளைக் காந்தப்புலத்தில் வைக்கும்போது சூடேறுவதும், புலத்தை நீக்கும்போது அதே அளவு குளிர்வதும் ஆகும். பொருள் தன் ஃபெரோகாந்தத் தன்மையை இழக்கும் கியூரி வெப்பநிலையை ஒட்டித்தான் இது பெரிதாகத் தெரியும். இரும்பின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலையில் இருக்கும் இரும்பில் இந்த மாற்றம் மிகமிகச் சிறியது. 1881-இல் இருந்த கருவிகளைக் கொண்டு ஒருவர் அதை எப்படி அளந்திருப்பார்?

இந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ் ஸ்மித். காந்தவெப்ப விளைவைக் கண்டுபிடித்தவர் யார் என்றே தலைப்பிட்டு 2013-இல் யூரோப்பியன் ஃபிசிக்கல் ஜர்னலின் வரலாற்றுப் பிரிவில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். என் தேடலுக்கு அது கைவிளக்கு. அவர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்வதும் பழைய வரியை ஒப்புக்கொள்வதும் ஒரே பழக்கம்தான் என்பதால், மூலங்களை நானே திறந்து பார்க்க முடிவு செய்தேன். கூடவே, இரும்பில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தக் கதை கடோலினியத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் பின்தொடர நினைத்தேன்.

பதின்மூன்றாம் தொகுதியில் இருப்பது என்ன?

அன்னாலன் இதழின் பழைய தொகுதிகளைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்னூலகமான காலிகாவில் இலவசமாகப் படிக்கலாம். 141 முதல் 164 வரை வார்பர்க்கின் கட்டுரை. 'காந்தவியல் ஆய்வுகள்' என்று தலைப்பு. காந்தநீக்கு விசையின் சில விளைவுகளைப் பற்றியது என்று துணைத்தலைப்பு. அப்போது வார்பர்க் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நோபல் பரிசு பெற்ற உயிர்வேதியியலாளர் ஆட்டோ வார்பர்க்கின் தந்தை என்றால் பலருக்குத் தெரியும்.

வார்பர்க் செய்த சோதனை எளிமையானது. இரும்புக் கம்பிக்குக் காந்தப்புலத்தைக் கொடுக்கிறார், படிப்படியாக ஏற்றுகிறார், இறக்குகிறார், திசை மாற்றுகிறார். ஒவ்வொரு படியிலும் கம்பி எந்த அளவு காந்தமாகியிருக்கிறது என்பதைக் காந்த ஊசியின் விலகலை வைத்துக் குறிக்கிறார். ஏறும்போது வந்த வழியில் இரும்பு இறங்குவதில்லை. புலத்தையும் காந்தமாக்கலையும் வரைபடமாக்கினால் ஒரு கண்ணி கிடைக்கிறது. அந்தக் கண்ணி அடைக்கும் பரப்பு, ஒரு சுற்றுக்குச் செலவாகும் வேலைக்குச் சமம். அந்த வேலை வெப்பமாக மாறிப்போகிறது என்று காட்டுகிறார். நம் பள்ளிப் பாடநூல்கள் காந்தத் தயக்கம் என்று சொல்லும் பாடம் இதுதான். அதே காலத்தில் டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் தனியாக இதே முடிவுக்கு வந்து, அதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயரும் வைத்தார்.

ஆக, வார்பர்க்கின் கட்டுரையில் வெப்பம் உண்டு. ஆனால் அது பரப்பிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற வெப்பம். கம்பியின் வெப்பநிலை மாற்றத்தை அவர் அளக்கவில்லை.

அளக்க முயன்றிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதப்படுத்திய மெல்லிரும்பில் ஒரு கனசென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்றில் இழப்பாகும் ஆற்றல் ஏறத்தாழ 10,000 எர்க். அதாவது ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கனசென்டிமீட்டர் இரும்பை ஒரு டிகிரி சூடாக்க 3.5 ஜூல் வேண்டும். வகுத்தால், ஒரு சுற்றுக்கு டிகிரியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. சில கட்டுரைகளில் வார்பர்க்கின் பெயரோடு 'ஒரு டெஸ்லாவுக்கு 0.5 முதல் 2 டிகிரி வரை' என்ற எண்ணும் சேர்ந்து வருகிறது. அந்த அளவு மாற்றம் இரும்பில் கிடைக்க வேண்டுமென்றால் அதைச் செஞ்சூடாக்க வேண்டும். மேசைமேல் ஊசியருகே வைத்த கம்பியிலிருந்து அது வராது.

அளவைவிட முக்கியம் தன்மை. தயக்கத்தால் வரும் வெப்பம் ஒருவழிப் பாதை. புலத்தை எந்தத் திசையில் சுற்றினாலும் இரும்பு சூடாகத்தான் செய்யும், ஒருபோதும் குளிராது. காந்தவெப்ப விளைவோ போன வழியில் திரும்பி வரக்கூடியது. குளிரூட்டும் கருவிகள் அத்தனையும் இந்தத் திரும்பும் தன்மையை நம்பித்தான் இயங்குகின்றன. தயக்கம் அவற்றின் எதிரி. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே தயக்கம் குறைந்ததைத்தான் தேடுவார்கள். அப்படியானால் துறையின் தந்தை என்று எழுதப்படுபவர், துறை விரட்ட நினைக்கும் ஒன்றைத்தான் ஆராய்ந்திருக்கிறார்.

கலைக்களஞ்சியத்தில் ஒரு குறிப்பு

1881-ஐ விட்டுப் பின்னால் போனால் ஒரு பெரிய பெயர் எதிர்ப்படுகிறது. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. கிளாஸ்கோ வானியல் பேராசிரியர் ஜான் பிரிங்கிள் நிக்கோல் தொகுத்த இயற்பியல் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு 1860-இல் வந்தது. அதற்குத் தாம்சன் வெப்பமும் காந்தமும் பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தார். 1878 ஜனவரியில் ஃபிலசாஃபிக்கல் மேகசின் இதழில் அவரே அதை விரிவான ஒரு கட்டுரைக்குள் சேர்த்து மறுபதிப்புச் செய்தார்.

அதில் தாம்சன் செய்வது சோதனை இல்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை வைத்துக்கொண்டு செய்யும் தருக்கம். சூடாக்கினால் காந்தத்தன்மை குறையும் பொருள் என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காந்தத்தின் அருகே மெதுவாகக் கொண்டுபோனால் அது சூடேற வேண்டும். விலக்கினால் குளிர வேண்டும். இப்படி நடக்காவிட்டால் இரண்டாம் விதியை ஏமாற்றி ஒரு எந்திரம் செய்துவிடலாம். செஞ்சூட்டில் இருக்கும் இரும்பு அருகே கொண்டுபோனால் சூடாகும் என்கிறார் தாம்சன். சூடாக்கினால் சாதாரண வெப்பநிலையில் காந்தத்தன்மை கூடும் கோபால்ட்டில் இது தலைகீழாக நடக்க வேண்டும் என்றும் சொல்கிறார். திசைக்குத் திசை காந்தப் பண்பு மாறும் படிகத்தைப் புலத்துக்குள் திருப்பினாலே வெப்பநிலை மாறும் என்பதுவரை போகிறார்.

ஒரு முழு விளைவும் தாளில் இருக்கிறது, அளவீடு ஒன்றுகூட இல்லை. வார்பர்க் தன் கம்பிகளைக் காந்தமாக்கத் தொடங்கும் முன்பே இந்தக் கருத்து அச்சில் இருமுறை வந்துவிட்டது. ஆக 1881-க்குக் கோட்பாட்டின் முதலிடமும் இல்லை, சோதனையின் முதலிடமும் இல்லை.

சூரிச்சில் ஒரு நிக்கல் துண்டு

அப்படியானால் முதலில் அளந்தவர் யார்? இதற்கு விடை சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறது. 1902 முதல் அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் பியர் வெய்ஸ். ஃபெரோகாந்தப் பொருள்களுக்குள் 'மூலக்கூறுப் புலம்' ஒன்று இருப்பதாக 1907-இல் கோட்பாடு வகுத்தவர். அவரோடு வேலை செய்தவர் ஓகுஸ்த் பிக்கார். பின்னாளில் பலூனில் ஏறி 1931-இல் 15,781 மீட்டர் உயரத்துக்குப் போய் உலகப் புகழ் பெற்ற அதே பிக்கார்தான். டின்டின் படக்கதையில் வரும் மறதிப் பேராசிரியருக்கு முன்மாதிரியும் அவரே.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. வெய்ஸும் பிக்காரும் நிக்கலைக் கியூரி வெப்பநிலையை ஒட்டிச் சூடாக்கி அதன் காந்தமாக்கலை அளந்துவந்தார்கள். நிக்கலின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 354 டிகிரி செல்சியஸ்; இரும்பைவிட மிகவும் வசதியானது. புலத்தைப் போட்டால் நிக்கல் சூடாகிறது, எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. 15,000 காஸ் புலத்தில் மாற்றம் ஏறத்தாழ 0.7 டிகிரி. 1917-இல் பிரெஞ்சு இயற்பியல் இதழான ஜூர்னால் டி ஃபிசிக்கில் நிக்கலின் காந்தமாக்கல் பற்றிய அவர்களது கட்டுரை வருகிறது. 1918-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் கோம்ப்த் ராந்தூ நடவடிக்கைக் குறிப்புகளில் ஒரு சிறு கட்டுரை. அதன் தலைப்பே, புதியதொரு காந்தவெப்ப நிகழ்வைப் பற்றியது என்று அறிவிக்கிறது.

இந்த இரு கட்டுரைகளும் ஸ்மித்தின் வாதத்துக்கு அச்சாணி. படித்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தயக்கத்தால் வரும் சூட்டிலிருந்து தாங்கள் கண்டது வேறுபடுவது எப்படி என்பதை ஆசிரியர்கள் இருவரும் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள்: அளவு பெரிது, திரும்பி வருவது. காந்தத் தயக்கம் அந்நேரம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். தெரிந்ததோடு குழப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேறுபாட்டை எழுதி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் பிரித்து வைத்ததையே ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

லெய்டனிலிருந்து வந்த எண்கள்

நிக்கலில் 0.7 டிகிரி என்பது அறிவுக்கு விருந்து, குளிரூட்ட உதவாது. காந்த அணுக்கள் தரும் கொஞ்சநஞ்ச மாற்றத்தைப் படிகத்தின் அணிக்கோவை அதிர்வுகள் விழுங்கிவிடுகின்றன. ஆனால் வெப்பநிலை இறங்க இறங்க அந்த அதிர்வுகளின் வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்பச் சரிகிறது. பீட்டர் டெபை 1912-இல் காட்டிய விதி அது. ஒரு கெல்வினுக்கு அருகே அதிர்வுகள் கிட்டத்தட்ட ஓய்ந்துபோகும். எஞ்சியிருப்பது காந்த அணுக்களின் ஒழுங்கின்மை மட்டும். அங்கே புலத்தைக் கொண்டு அந்த ஒழுங்கின்மையை அடக்கினால் மொத்த வெப்பக் கணக்கையும் நாமே கையில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வெப்பநிலைக்குப் போகும் வழி 1908 முதல் ஹாலந்தின் லெய்டன் நகரில் திறந்திருந்தது. ஹைக்கே காமர்லிங் ஓனஸ் அந்த ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதன் பிறகு அந்த ஆய்வகத்தில் கைக்குக் கிடைத்த பொருளையெல்லாம் ஹீலியத்தில் முக்கி அளந்தார்கள். அவற்றுள் ஒன்று கடோலினியம் சல்பேட். ஒவ்வொரு மூலக்கூறோடும் எட்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம்.

அருமண் உப்புகளுள் கடோலினியத்தைத் தனித்துக் காட்டுவது அதன் எலெக்ட்ரான் அமைப்பு. மும்மடி நேர்மின்னேற்றம் கொண்ட அயனியில் 4எஃப் கூட்டின் ஏழு அறைகளிலும் ஆளுக்கொன்றாக ஏழு எலெக்ட்ரான்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் சேர்ந்து மொத்தம் 7/2. சுற்றுப்பாதை உந்தம் சுழி. அதனால் சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம் இதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. புலமில்லாதபோது எட்டு நிலைகள் கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில் நிற்கும். அந்த ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி ஒரு மோலுக்குக் கெல்வினுக்கு 17.3 ஜூல். படிகத்துக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் கடோலினிய அயனிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளியே வைத்திருப்பதால் அவை தமக்குள் பேசி ஒழுங்காகிவிடுவதும் தாமதமாகும்.

லெய்டனில் ஓனஸும் வோல்ச்சரும் 1923-இல் வெளியிட்ட அளவீடு இந்த உப்பை 1.3 கெல்வின் வரை கொண்டுபோனது. 22,000 காஸ் புலத்தில் காந்தமாக்கல் அதன் உச்ச அளவில் 80 விழுக்காட்டையும் தாண்டியது. பால் லாஞ்சவென் 1905-இல் வகுத்த கோட்பாடு சொன்ன வளைகோட்டின்மேல் புள்ளிகள் அழகாக வந்து அமர்ந்தன. லாஞ்சவென் அதே 1905 கட்டுரையில் பாராகாந்தப் பொருளில் புலத்தை மாற்றினால் வெப்பநிலையும் திரும்பக்கூடிய விதத்தில் மாறும் என்று சொல்லியிருந்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். லெய்டன்காரர்களின் நோக்கம் அந்தக் கோட்பாட்டைச் சோதிப்பது. தங்கள் அட்டவணைக்குள் ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கிறது என்பதை அவர்கள் அதில் தேடவில்லை.

இரண்டு கண்டம், ஒரே யோசனை

அந்த அட்டவணையைத் தூரத்தில் இருந்த இருவர் படித்தார்கள்.

முதலாமவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஜியோக். கனடாவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் பிறந்தவர், வேதியியலாளர், வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதியைச் சோதிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். லெய்டன் எண்களை வைத்து அவர் என்ட்ரோபி கணக்குப் போட்டார். ஒன்றிரண்டு கெல்வினில் எந்தப் பொருளிலும் அகற்றுவதற்கு என்ட்ரோபியே மிச்சமிருக்காது என்று நினைத்திருந்த இடத்தில், காந்தப்புலம் பெரிய அளவு என்ட்ரோபியைப் பிழிந்தெடுப்பது தெரிந்தது. நோபல் உரையில் அந்த வியப்பை அவரே பதிவு செய்திருக்கிறார்.

ஈரத் துணியைப் பிழிந்து விரித்தால் அது மறுபடி தண்ணீரை உறிஞ்சத் தயாராகிவிடும் இல்லையா? இதுவும் அப்படித்தான். ஹீலியத்தோடு தொடர்பில் வைத்துப் புலத்தைப் போட்டால் உப்பின் வெப்பம் ஹீலியத்துக்குப் போய்விடும். பிறகு தொடர்பை அறுத்துப் புலத்தை எடுத்தால், அணுக்களின் ஒழுங்கின்மை மறுபடி கூடுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் படிகத்திடமிருந்தே எடுத்துக்கொள்ளும். வேறு எங்கிருந்தும் வெப்பம் வர வழியில்லாததால் உப்பு குளிரும்.

இரண்டாமவர் டெபை. 1926-இல் அவர் எழுதிய கட்டுரை தாழ்ந்த வெப்பநிலைகளில் காந்தமாக்கல் பற்றிய சில குறிப்புகள் என்ற அடக்கமான தலைப்போடு அன்னாலன் இதழின் 81-ஆம் தொகுதியில் வந்தது. வார்பர்க் எழுதிய அதே இதழ். அதில் அவரும் கடோலினியம் சல்பேட்டையே எடுத்துக்கொண்டு, புலத்தை நீக்கி ஒரு கெல்வினுக்குக் கீழே போகலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். டெபை அப்போது எந்த ஊரில் இருந்தார் என்று பார்த்தால் சூரிச். அதே கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகம். வெய்ஸ் ஸ்ட்ராஸ்பர்க் போய்ச் சேர்ந்தபின் அங்கே இயற்பியலை நடத்தியவர் டெபைதான். விளைவை முதலில் அளந்த நிறுவனத்திலிருந்தே, பத்தாண்டுக்குள், அதைக் குளிரூட்டலாக மாற்றும் யோசனையும் எழுந்திருக்கிறது. 1881-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கும் முன்னுரைகளில் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படுவதே இல்லை.

இருவரில் முந்தியவர் யார்? ஆவணங்கள் தரும் விடை இது. 1926 ஏப்ரலில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கலிபோர்னியப் பிரிவுக் கூட்டத்தில் ஜியோக்கின் யோசனையை அவருடைய சக பேராசிரியர் வெண்டல் லாட்டிமர் அறிவித்துவிட்டார். டெபையின் கட்டுரை அந்த ஆண்டின் பிற்பகுதியில் அச்சேறியது. ஜியோக்கின் முழுக் கட்டுரை அமெரிக்க வேதியியல் சங்க இதழில் 1927-இல்தான் வந்தது. சொன்னதில் ஜியோக் முந்தி, அச்சில் டெபை முந்தி. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியதற்கான தடயம் எதுவும் இந்தக் கட்டுரைகளில் இல்லை. ஒரே அட்டவணை, ஒரே விதி, ஒரே முடிவு. தனித்தனியாக வந்தார்கள் என்று ஏற்பதே நியாயம்.

மூன்று தேதிகள்

யோசனைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி. பெர்க்லியில் திரவ ஹீலியத்துக்கு வசதி உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஹீலியத்தின் ஆவியை எக்கிகளால் உறிஞ்சி 1932-இல் லெய்டனின் கேசம் 0.71 கெல்வினைத் தொட்டார். அந்த வழியில் அதற்குமேல் அதிகம் போக முடியாது. குளிரக் குளிர ஆவியே எழாது. எழாததை எக்கி எப்படி உறிஞ்சும்?

1933 ஏப்ரலில் ஜியோக்கும் அவருடைய மாணவர் டங்கன் மக்டூகலும் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். இதழின் 43-ஆம் தொகுதியில் 768-ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம்கூட நிறையாது. 61 கிராம் கடோலினியம் சல்பேட், 8,000 காஸ் புலம். மார்ச் 19-ஆம் தேதி 3.4 கெல்வினில் தொடங்கி 0.53 கெல்வின். ஏப்ரல் 8-ஆம் தேதி 2 கெல்வினில் தொடங்கி 0.34. மறுநாள் ஏப்ரல் 9-ஆம் தேதி 1.5 கெல்வினில் தொடங்கி 0.25.

இந்த மூன்று ஜோடி எண்களை அருகருகே எழுதி வகுத்துப் பாருங்கள். 3.4-ஐ 0.53-ஆல் வகுத்தால் 6.4. இரண்டை 0.34-ஆல் வகுத்தால் 5.9. ஒன்றரையைக் காலால் வகுத்தால் 6. எங்கே தொடங்கினாலும் முடிவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இது தற்செயல் இல்லை. பாராகாந்த உப்பின் என்ட்ரோபி புலத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே பொறுத்தது. என்ட்ரோபி மாறாமல் புலத்தைக் குறைத்தால் வெப்பநிலையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். வெளிப்புலத்தைச் சுழியாக்கினாலும் உப்புக்குள் அயனிகள் ஒன்றின்மேல் ஒன்று செலுத்தும் சிறு புலம் மிஞ்சும். 8,000-ஐ ஆறால் வகுத்தால் அந்த மிச்சப் புலம் தோராயமாக 1,300 காஸ் என்று வருகிறது. இந்த முறையின் வலிமை, எல்லை இரண்டையும் அந்தச் சிறு கடிதத்தின் மூன்று ஜோடி எண்களிலேயே வாசித்துவிடலாம். இன்னும் கீழே போக வேண்டுமானால் தொடக்கப் புலத்தைக் கூட்டலாம். அல்லது உள்புலம் இன்னும் குறைந்த உப்பைத் தேடலாம்.

இன்னொரு சிக்கலையும் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது. அரை கெல்வினுக்குக் கீழே வெப்பநிலையை எதைக் கொண்டு அளப்பது? ஹீலியத்தின் ஆவியழுத்தம் அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அதனால் உப்பையே வெப்பநிலைமானியாக வைத்துக்கொண்டார்கள். உப்பைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளின் மின்தூண்டல் எண்ணை அளந்தால் உப்பின் காந்த ஏற்புத்திறன் தெரியும். கியூரி விதிப்படி அதன் தலைகீழே வெப்பநிலை. குளிர்விப்பதும் குளிரைச் சொல்வதும் ஒரே கடோலினியம்.

லெய்டனும் சும்மா இருக்கவில்லை. டி ஹாஸ், வியர்ஸ்மா, கிராமர்ஸ் மூவரும் அதே 1933-இல் சீரியம் ஃபுளுரைடைக் கொண்டு 0.27 கெல்வினை எட்டினார்கள். சீரியமும் அருமண் தனிமமே. 1935-க்குள் குரோம் படிகாரக் கலவையால் 0.0044 கெல்வின் வரை போய்விட்டார்கள். ஆக்ஸ்ஃபர்டில் ஃபிரான்சிஸ் சைமனும் நிக்கலஸ் குர்ட்டியும் 1934 முதல் இதே வேலையில் இறங்கினார்கள். ஜியோக்குக்கு 1949-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வரி எப்படிப் பரவியது?

இந்த முறை இன்று பழம்பொருள் ஆகிவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் எக்ஸ்கதிர் விண்கலத்தில் உணர்விகள் 0.05 கெல்வினில் வேலை செய்கின்றன. அந்தக் குளிரைத் தருவது படிப்படியாக அடுக்கிய காந்தநீக்கக் குளிரூட்டி. எடையில்லா நிலையில் திரவங்களைக் கையாளும் தொல்லை இதில் குறைவு. புவியிலும் ஹீலியம்-3 ஐசோடோப்பு கிடைப்பது அரிதாகிவருவதால் கடோலினியம் கேலியம் கார்னெட் போன்ற அருமண் படிகங்களின் மேல் மீண்டும் கண் விழுந்திருக்கிறது.

அறை வெப்பநிலைப் பக்கம், 1976-இல் நாசாவின் லூயிஸ் மையத்தில் ஜெரால்ட் பிரவுன் உலோகக் கடோலினியத்தை வைத்து மாதிரிக் கருவி செய்தார். 1997-இல் ஏம்ஸ் ஆய்வகத்தின் பெச்சார்ஸ்கியும் கிஷ்னைட்னரும் கடோலினியம், சிலிக்கான், ஜெர்மானியம் சேர்ந்த கலவையில் மிகப் பெரிய காந்தவெப்ப விளைவைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு இத்துறையில் கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை வேண்டும். முன்னுரைக்கு ஒரு வரலாற்று வரி வேண்டும். முந்தைய கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலிருந்து வார்பர்க்கை எடுத்து ஒட்டுவது எளிது. ஜெர்மன் மொழியில் இருக்கும் இருபத்துநான்கு பக்கங்களைத் திறப்பது அவ்வளவு எளிதில்லை. காந்தம், வெப்பம் என்ற இரு சொற்களும் அந்தக் கட்டுரையில் இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கும் முரண் தெரிந்திருக்காது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். வார்பர்க்குக் கிடைத்த பெருமை வெய்ஸிடமும் பிக்காரிடமும் இருந்து பறிக்கப்பட்டது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய நட்டம் இயற்பியலுக்கு. தயக்க வெப்பமும் காந்தவெப்ப விளைவும் ஒன்று என்று முதல் பத்தியிலேயே மறைமுகமாகக் கற்கும் மாணவர், குளிரூட்டும் பொருளில் முதலில் ஒழிக்க வேண்டியது எது என்பதையே தவறவிடக்கூடும். தவறான வரலாற்று வரி தவறான இயற்பியலையும் கையோடு கூட்டிவருகிறது.

ஆவணங்களின்படி முன்னுரை வரி இப்படி இருக்க வேண்டும்: வில்லியம் தாம்சன் 1860-இல் வெப்ப இயக்கவியலின்படி முன்கணித்தார், வெய்ஸும் பிக்காரும் 1917-இல் சூரிச்சில் நிக்கலில் அளந்து கண்டுபிடித்தார்கள், டெபையும் ஜியோக்கும் 1926-27-இல் தனித்தனியே குளிரூட்டும் முறையாக முன்மொழிந்தார்கள், ஜியோக்கும் மக்டூகலும் 1933-இல் கடோலினியம் சல்பேட்டில் நிறைவேற்றிக் காட்டினார்கள். வார்பர்க்குக்கு உரிய இடம் காந்தத் தயக்கப் பாடத்தில் இருக்கிறது. அங்கே அவர் முன்வரிசைக்காரர்.

இந்தத் துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் இங்கே சொன்ன மூலங்களில் பெரும்பாலானவை இன்று மின்னூலகங்களில் கிடைக்கின்றன. ஜெர்மனோ பிரெஞ்சோ தெரியாவிட்டாலும் படங்கள், அட்டவணைகள், அலகுகளைப் பார்த்தாலே அளந்தது எது, கணக்கிட்டது எது என்று பிரித்தறியலாம். 1881 என்ற மேற்கோளை உங்கள் ஆய்வேட்டில் இடும் முன் அந்தப் பக்கங்களை ஒருமுறை திறந்து பாருங்கள்.